கண்ணுச் சில்லு

பழைய பிஸ்கட் டின்னில்,
சட்டைப் பொத்தான்களோடும் துருவேறிய தோட்டா உறைகளோடும்,
ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி
சேலத்துக்கு வந்தது
கிரேக்கத்துக் கண் ஒன்று.

உள்ளங்கை அளவுகூட இல்லை.
செம்மண் உடம்பு. கறுப்பு விழி.
விழியைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம்.
மேலே, ஒரே வீச்சில் இழுத்துவிட்ட புருவம்.
குடிக்கிறவன் கிண்ணத்தை உயர்த்தும்போது
அவன் முகம் மறைந்துபோக
கிண்ணம் எதிராளியைப் பார்க்குமாம்.
இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் என்று
பதிவேட்டில் எழுதினேன்.
பேனா தயங்கவில்லை.

மாதம்மாளுக்குப் பிடிக்கவில்லை.
சாயங்காலம் கிடங்கைப் பூட்டுமுன்
இழுப்பறையைத் திறந்து அதைக் குப்புறக் கவிழ்ப்பாள்.
"ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டே கெடக்குதுங்க."
ஐந்து ரோட்டில், பூசாத கட்டடங்களில் தொங்கும்
பூசணிக்காய் முகத்தில் அவளுக்குப் புகார் இல்லை.
அது தெருவைப் பார்க்கிறது.
இது நம்மை.

காலையில் நான் மல்லாத்தி வைப்பேன்.
ஒரு ஆவணி போயிற்று, ஒரு புரட்டாசி.
அதற்குள் அதன் முதுகும் எனக்குப் பழகிவிட்டது:
வழவழத்த கறுப்பு, நடுவே
சூளையில் எதன்மேலோ ஒட்டி நின்ற சிவப்பு.

கடல் தாண்டிய ஒரு ஊரிலிருந்து
அங்குள்ள காப்பாளர் எழுதினார்:
எங்களிடம் ஒரு கிண்ணம், பதினொரு துண்டுகள், ஒரு கண்.
மற்றது உங்களுடையதாக இருக்கலாம்.
ஓரத்தை வரைந்து அனுப்ப முடியுமா?

லீ பஜாரில் பட்டர் பேப்பர் வாங்கினேன்.
மின்சாரம் இல்லாத மதியம்.
வியர்வை சொட்டி முதல் தாள் வீணாயிற்று.
இரண்டாவதில், பென்சில் முனையை ஊசியாய்ச் சீவி,
ஒரு உடைவின் ஏற்ற இறக்கத்தை
மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற மாதிரி ஓட்டினேன்.

பதில் வந்தது.
இரண்டு ஓரங்கள் மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றன.
மூன்றாவது உடைவல்ல, தேய்மானம்.
வட்டமாக, வேண்டுமென்றே.
நான்கு மில்லிமீட்டர் காணவில்லை.
எந்த நூற்றாண்டு, என்ன சடங்கு என்று தெரிந்தால்
கட்டுரைக்கு உதவும்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.
மாதம்மாள் தள்ளி நின்றே எட்டிப் பார்த்தாள்.
"சடங்காவது ஒண்ணாவது. ஓட்டாஞ்சில்லுங்க.
கல்லுல தேச்சிருக்காங்க, நொண்டி ஆட."

டின்னைக் கொடுத்த ரோஸ்லின் ஞானாதிக்கத்துக்குப்
போன் போட்டேன்.
மலைமேல் மழை; குரல் வருவதும் போவதுமாக.
"துரை பங்களா ஏலத்துல அப்பா வாங்கினாரு...
காப்பி காயப்போடுற களம்... எட்டு வயசு எனக்கு...
நல்ல சில்லு சார் அது, போட்ட எடத்துல நிக்கும்.
முனை குத்துச்சுன்னு படிக்கல்லுல தேச்சேன்.
மூணு நாள். பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க,
இல்லாட்டி முழுசும் உருட்டியிருப்பேன்.
கண்ணு மேல பாத்து விழுந்தா
ஆடாமலே பழம்."
பிறகு, சற்று இறங்கி,
"தப்புங்களா?"

நான் வாயெடுக்குமுன்
எங்கோ மரம் விழுந்து, லைன் போயிற்று.

காப்பாளருக்கு எழுதினேன்:
இருபதாம் நூற்றாண்டு.
காப்பிக் களம்.
ஒற்றைக் கால்.

அந்த நான்கு மில்லிமீட்டரைப் பற்றி எழுதவில்லை.
படிக்கல்லில் செம்பொடியாய் இருந்து,
அந்த வருஷத்து முதல் மழையிலேயே இறங்கி,
செடிகளின் வேரடிக்குப் போயிருக்கும்.
குடித்திருப்போம்.

அன்று சாயங்காலம் மாதம்மாள் இழுப்பறையைத் திறந்தாள்.
முதல்முறையாக அதைக் கையில் வைத்திருந்தாள் கொஞ்ச நேரம்.
எறியப்போகிறவள் போல
லேசாகத் தூக்கிப் பிடித்து எடை பார்த்தாள்.
தரையில், டைல்ஸ் கட்டங்கள்.

பிறகு வழக்கம்போலக் குப்புற வைத்து
பூட்டினாள்.